கே.ஆர்.பி. அணை மீனில் கன உலோகம்: கர்ப்பிணியும் குழந்தையும் சாப்பிடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் வீடு. உங்களுக்கு 5வது மாதம் நடக்கிறது, 3 வயதில் ஒரு பையன் இருக்கிறான். வாரத்தில் 2 நாள் மீன். பாதி கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணைக்கட்டில் வாங்குவது, பாதி கொழுந்தனார் வலை வீசிப் பிடித்து வருவது. அந்த அணைக்கு வரும் தென்பெண்ணை ஆற்றில் நுரை பொங்கும் படத்தையும், ஆற்று மீனில் கன உலோகம் இருப்பதாக வந்த செய்தியையும் பார்த்துப் பயந்துவிட்டீர்கள். அத்தையோ, "மூணு தலைமுறையா இந்த ஆத்து மீனைத்தான் தின்கிறோம், நல்லா வறுத்தா எந்த விஷமும் போயிடும்" என்கிறார். ஆறு மாசுபட்டிருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் வேண்டியது வேறு பதில்: உங்கள் தட்டிலும் பையன் தட்டிலும் எந்த மீனை, எவ்வளவு வைக்கலாம்? அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் மீன்வளம் படித்தவன். பிறகு பல ஆண்டுகள் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் மீன், அரிசி, மசாலாப் பொருள்களில் உலோகம் அளக்கும் வேலையில் இருந்தேன். மருத்துவர் அல்ல. தண்ணீரிலும் மீனிலும் உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் உடம்பைப் பற்றிய முடிவை உங்களைப் பார்க்கும் டாக்டரிடம்தான் விட வேண்டும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மீனை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. எந்த மீன், எந்தப் பருமன், எந்தப் பகுதி என்பதில் சில மாற்றங்கள் செய்தால் போதும். ஆனால் வறுத்தால் போய்விடும் என்பது தவறு. அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நம் பக்கத்து ஆறுகளுக்கு இந்த நிலை எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. பெங்களூரு மேட்டுநிலத்து ஊர். அந்த மேட்டுக்கு மேற்கே விழும் மழையும் சாக்கடையும் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய், கனகபுராவுக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியோடு சேருகிறது. அந்தக் காவிரிதான் கீழே வந்து ஒகேனக்கலில் விழுகிறது. கிழக்கே இறங்குவது பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளை நிறைத்து, வழிந்து, தென்பெண்ணையில் கலக்கிறது. அது கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கிருந்து கே.ஆர்.பி. அணை, உங்கள் காவேரிப்பட்டணம், நெடுங்கல் தடுப்பணை, அப்புறம் சாத்தனூர். ஒரே நகரத்தின் கழிவு இரண்டு ஆறுகளாகப் பிரிந்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் வந்து சேருகிறது. ஓசூரின் சொந்தச் சாக்கடையும் ஆலைக் கழிவும் அதற்கு மேல். எல்லாவற்றையும் கர்நாடகத்தின் தலையில் போட்டுவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. இரண்டு ஆறுகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: காவிரியில் தண்ணீர் மிக அதிகம், வருவது கரைந்து நீர்த்துப் போகிறது. தென்பெண்ணையில் கோடையில் ஓடுவதில் பெரும்பங்கு நகரத்துக் கழிவுநீர்தான். அதனால் ஒகேனக்கல் மீனையும் கெலவரப்பள்ளி மீனையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது.

இப்போது நுரை. எல்லோரும் பயப்படுவது அதைப் பார்த்துத்தான், ஆனால் உலோகத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. துணி சோப்பு, பாத்திரம் துலக்கும் சோப்பு ஆகியவற்றில் இருந்து வரும் நுரைப்பொருளும் பாஸ்பேட்டும் சுத்திகரிக்கப்படாமல் வந்து, மதகில் தண்ணீர் விழுந்து கலங்கும்போது நுரையாகப் பொங்குகிறது. நுரை வரும் நாளில் உலோகம் குறைவாக இருக்கலாம், தண்ணீர் தெளிவாக ஓடும் நாளில் அதிகமாக இருக்கலாம். மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பதும் இப்படித்தான். பெரும்பாலும் சாக்கடை அழுகித் தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துபோவதாலும் அம்மோனியா ஏறுவதாலும் அவை சாகின்றன. உலோகம் அப்படி ஒரே இரவில் கொல்வது அரிது. அது மெதுவாகச் சேர்வது, கண்ணுக்குத் தெரியாதது. துள்ளுகிற மீன், செவுள் சிவந்த மீன், நாற்றமில்லாத மீன் என்பதெல்லாம் மீன் புதிது என்பதற்கான அடையாளம். உலோகம் இல்லை என்பதற்கு அல்ல. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: செத்து மிதந்த மீனை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதில் உலோகத்தைவிடக் கிருமிதான் முதல் ஆபத்து.

கன உலோகம் என்று மொத்தமாகச் சொல்வதால்தான் பாதிக் குழப்பம். செய்தியில் வரும் பட்டியலில் இரும்பு, துத்தநாகம், செம்பு, மாங்கனீசு எல்லாம் இருக்கும். இவை உடம்புக்கு வேண்டியவை. மீனில் சாதாரணமாகவே இருக்கும். மீன் தின்பவர் கவலைப்பட வேண்டிய மூன்று பாதரசம், காரீயம், காட்மியம். குரோமியமும் நிக்கலும் முலாம் பூசும் பட்டறைகளில் இருந்து வருவதால் நம் ஆறுகளில் அடிக்கடி பேசப்படுகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் 6 இணைதிறன் வடிவக் குரோமியம் நிச்சயம் நஞ்சு. ஆனால் அது உயிருள்ள திசுவுக்குள் போனால் பெரும்பாலும் 3 இணைதிறன் வடிவத்துக்கு மாறிவிடுகிறது, அதன் தீங்கு மிகக் குறைவு. பரிசோதனைக் கூடங்கள் இரண்டையும் சேர்த்து மொத்தக் குரோமியம் என்று ஒரே எண்ணாகக் கொடுப்பது வழக்கம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு புற்றுநோய் என்று தலைப்பு போடுவது சரியல்ல. ஆர்செனிக்கும் அப்படியே: மீனில் இருப்பதில் பெரும்பங்கு உடம்பில் தங்காமல் வெளியேறிவிடும் கரிம வடிவம்.

பாதரசத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கர்ப்பிணிக்கு முக்கியமானது இதுதான். ஆற்றின் அடிச்சேற்றில் பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது நுண்ணுயிரில் ஏறி, அதைத் தின்னும் பூச்சியில் ஏறி, பூச்சியைத் தின்னும் சிறு மீனில் ஏறி, சிறு மீனைத் தின்னும் பெரிய மீனில் போய்க் குவிகிறது. ஒவ்வொரு படியிலும் அளவு கூடும். ஜப்பானில் மினமாட்டாவில் 1956இல் வெளிச்சத்துக்கு வந்த கொடுமை இதனால் நடந்தது. அங்கே ஆலையே மெத்தில் பாதரசத்தை நேராகக் கடலில் விட்டது. நம் ஆற்றுக்கு அதோடு ஒப்பில்லை, அந்தப் படங்களைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அங்கே கற்ற ஒரு பாடம் உலகம் முழுவதும் நிற்கிறது: தாய்க்கு ஏறக்குறைய எந்த அறிகுறியும் இல்லாதபோதுகூட வயிற்றில் இருந்த பிள்ளையின் மூளை பாதிக்கப்பட்டது. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். கர்ப்பிணிகளுக்குத் தனி அறிவுரை சொல்லப்படுவது இதனால்தான். நம் மாநிலத்திலும் கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் ஏரிவரை போனது பேசப்பட்ட விஷயம்.

காரீயம் நடந்துகொள்வது நேர்மாறு. அது உணவுச் சங்கிலியில் மேலே ஏற ஏறக் கூடுவதில்லை, குறையவே செய்கிறது. மீனில் அது அதிகம் சேருவது எலும்பு, செதில், செவுள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில். சதையில் குறைவு. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து எலும்பில் வைத்துக்கொள்கிறது. அங்கே பல பத்தாண்டுகள் இருக்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது பழைய காரீயமும் கூடவே இறங்கும். குழந்தையின் குடல் பெரியவர்களைப்போல 4, 5 மடங்கு காரீயத்தை உறிஞ்சிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, காரீயத்துக்கு வைத்திருந்த வாராந்தர வரம்பை 2010இல் விலக்கிக்கொண்டது. தீங்கே செய்யாத அளவு என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை என்பதுதான் காரணம். ஆகவே காரீயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று பேச முடியாது. எங்கிருந்து வந்தாலும் குறைத்துக்கொண்டே போவதுதான் வழி.

காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். பாதி குறைவதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஆனால் மீனின் சதையில் அது பொதுவாக மிகக் குறைவு. ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் சேரும். மனிதருக்குக் காட்மியம் அதிகம் வருவது அரிசி, கீரை, கிழங்கு வகைகளில் இருந்தும் பீடி சிகரெட்டில் இருந்தும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் எலும்பை நொறுக்கும் இதாய் இதாய் நோய் வந்ததும் முக்கியமாக அரிசி வழியாகத்தான். கழிவு கலந்த ஆற்று நீரைப் பாய்ச்சி விளைவிக்கும் கீரையைப் பற்றியும் ஒரு நாள் இதே அக்கறையோடு பேச வேண்டும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் காட்மியக் கணக்கில் மீனைவிட அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இனி அணைக்கு வருவோம். உலோகம் தண்ணீரில் அப்படியே கரைந்து மிதந்துகொண்டிருப்பதில்லை. களிமண்ணிலும் அழுகிய பொருளிலும் ஒட்டிக்கொள்ளும். ஆறு வேகம் குறைந்து அணைக்குள் நிற்கும்போது அந்த மண் அடியில் படியும். 1957இல் இருந்து தேங்கி நிற்கும் கே.ஆர்.பி. அணையின் அடிச்சேறு அத்தனை ஆண்டு வண்டலையும் சேர்த்து வைத்திருக்கிறது. அதனால் மேல்தண்ணீரை மொண்டு பரிசோதித்தால் எல்லாம் வரம்புக்குள் என்று வரும். அடிச்சேறு வேறு கதை சொல்லும். கோடையில் நீர்மட்டம் இறங்கி அடியில் பிராணவாயு தீரும்போது சேற்றில் பிடிபட்டிருந்த உலோகம் கொஞ்சம் மறுபடி தண்ணீருக்கு வரும். முதல் வெள்ளத்தில் சேறு கலங்கும்போதும் அப்படித்தான். நமக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு: சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடின நீரில் காரீயமும் காட்மியமும் செவுள் வழியாக மீனுக்குள் போவது குறைகிறது.

ஆகவே மீன் எங்கே மேய்கிறது என்பதுதான் முக்கியம். கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களைத் தின்னும். ரோகு நடுத்தண்ணீரில். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிச்சேற்றைக் கிளறித் தின்பவை. ஜிலேபி பாசியும் அழுகலும் எல்லாம் தின்னும். விரால், வாளை, பெரிய கெளுத்தி ஆகியவை மற்ற மீன்களைப் பிடித்துத் தின்பவை. பாதரசம் என்று பார்த்தால் கடைசி வகையைத் தவிர்க்க வேண்டும், அதிலும் வயதான பெரிய மீனை. காரீயமும் காட்மியமும் என்று பார்த்தால் சேறு கிளறும் மீனின் குடல், ஈரல், செவுளைத் தவிர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு நல்லது 1 கிலோ, 2 கிலோ அளவில் இளசான கட்லா அல்லது ரோகு. குஞ்சு விட்டு ஓரிரு ஆண்டுக்குள் பிடிக்கப்படும் மீனுக்கு உலோகம் சேர்க்க நேரமே குறைவு. நம் பக்கத்தில் பெரிய மீன்தான் சத்து, அதைத்தான் கர்ப்பிணிக்குக் கொடுக்க வேண்டும் என்றொரு எண்ணம் இருக்கிறது. உலோகக் கணக்கில் அது தலைகீழ்.

எண்ணில் காட்டினால் தெளிவாகும். மெத்தில் பாதரசத்துக்கு, காரீயத்தில் சொன்ன அதே உலக சுகாதார நிறுவனக் கூட்டு நிபுணர் குழு வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். வயிற்றுப் பிள்ளையை மனதில் வைத்தே போட்ட வரம்பு இது. நீங்கள் 60 கிலோ என்றால் வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். மீனில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் பாதரசம் என்பது பல நாடுகள் நெடுங்காலமாக வைத்திருக்கும் விற்பனை வரம்பு. சரியாக அந்த வரம்பில் இருக்கும் மீனை வாரம் 190 கிராம் தின்றாலே உங்கள் அளவு முடிந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.05 இருக்கும் மீன் என்றால் 1.9 கிலோ வரை போகலாம். 15 கிலோ எடையுள்ள பையனுக்கு முதல் மீன் 48 கிராம், இரண்டாவது மீன் 480 கிராம். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. வரம்புக்குள் இருக்கிறது என்று முத்திரை விழுந்த மீன்கூட ஒரு குழந்தைக்கு அதிகமாகலாம். அதே சமயம், சரியான மீனைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் சாதாரணமாகச் சாப்பிடும் அளவு வரம்பின் பக்கத்தில்கூட வராது. காட்மியத்துக்கு மாத வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் பெரும்பாலான மீன்களுக்கு வைத்திருக்கும் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் அளவில் இருக்கும் மீனை மாதம் 30 கிலோ தின்றால்தான் அதைத் தொடுவீர்கள். காரீயத்துக்கு மீனில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்பது வரம்பு. 150 கிராம் துண்டில் 45 மைக்ரோகிராம். இதற்குப் பாதுகாப்பு எல்லை என்று எதுவும் இல்லாததால் தலை, எலும்பு, குடலைத் தள்ளிச் சதையை மட்டும் எடுப்பதுதான் நம் கையில் இருப்பது.

இதுவரை சொன்னது உறுதியானது. சந்தேகத்துக்கு இடமுள்ளதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு நீங்கள் வாங்கிய மீனில் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் ஊகித்துச் சொல்ல முடியாது. ஒரே வலையில் வந்த இரண்டு மீனிலேயே இரண்டு மடங்கு வித்தியாசம் சாதாரணம். மூன்று உலோகமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வரும்போது என்ன ஆகும் என்பதில் அறிவியலுக்கே முழுத் தெளிவு இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆராய்ந்துதான் வரம்புகள் வந்தன. மீனில் இருக்கும் கொழுப்பமிலம் பிள்ளையின் மூளைக்கு நல்லது, அதே மீனின் பாதரசம் கெட்டது. இரண்டும் எந்த இடத்தில் சமமாகும் என்பதும் மீனுக்கு மீன் மாறும். ஆனால் கர்ப்பிணிகள் மீனை முழுக்க நிறுத்துவது நல்லதல்ல, பாதரசம் குறைந்த மீனை வாரம் 2, 3 முறை சாப்பிட வேண்டும் என்பதில் பெரிய சுகாதார அமைப்புகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

வறுத்தால் போகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். போகாது. உலோகம் தனிமம். எந்தச் சூட்டிலும் அது அழியாது. மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. கழுவியும் அதை எடுக்க முடியாது. வறுக்கும்போது தண்ணீர் வற்றுவதால் எடைக்கு எடை பார்த்தால் அளவு கூடித்தான் தெரியும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலசுவது கவுச்சியையும் வழவழப்பையும் எடுக்கும், கிருமியைக் குறைக்கும். அதற்காக அதைத் தொடருங்கள், உலோகத்துக்கு அது மருந்தல்ல. புளியும் எலுமிச்சையும் அப்படியே. அத்தையிடம் இதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அவர் தின்று வளர்ந்த காலத்து ஆறு வேறு. அப்போது பெங்களூரு இவ்வளவு பெரிய ஊர் இல்லை, ஓசூரில் ஆலைகள் இல்லை. அவர் தின்ற மீன் நல்ல மீன் என்பதில் சந்தேகமில்லை. அவருடைய அனுபவம் பொய்யல்ல, ஆறுதான் மாறிவிட்டது. அவர் சொல்வதில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது: மீன் நல்ல உணவு, பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டிய உணவு.

சமைக்கும்போது இப்படிச் செய்யுங்கள். செவுள், குடல், ஈரல், உள்ளே முதுகெலும்பை ஒட்டிக் கறுப்பாகப் படர்ந்திருக்கும் சிறுநீரகம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். மீன்தலைக் குழம்பு உங்களுக்கும் பையனுக்கும் பிள்ளை பிறந்து பால் குடிக்கும் காலம் வரை வேண்டாம். வீட்டில் மற்றவர்கள் செவுளை எடுத்துவிட்டு எப்போதாவது சாப்பிடுவதில் பெரிய பயமில்லை. முள்ளோடு மென்று தின்னும் பொடி மீனை இந்த ஆற்றில் பிடித்ததாக இருந்தால் தவிர்க்கலாம். வேறு நல்ல ஏரியில் பிடித்ததென்றால் அதில் கால்சியம் நிறைய, தாராளமாகச் சாப்பிடலாம். புளிக் குழம்பை மண்சட்டியிலோ எவர்சில்வரிலோ வையுங்கள். பழைய இரும்புக்கடைச் சாமானை உருக்கி வார்த்த மலிவான அலுமினியச் சட்டியில் புளியைக் கொதிக்கவிட்டால் சட்டியிலிருந்தே காரீயம் குழம்பில் இறங்கலாம். மீனை இவ்வளவு கவனித்துவிட்டுச் சட்டியில் கோட்டை விடக் கூடாது.

வாங்கும்போது எங்கே பிடித்த மீன் என்று கேளுங்கள். அணைக்கட்டுக் கடைகளில் வறுபடுவது எல்லாம் அணை மீன் அல்ல. ஆந்திராவில் குளத்தில் வளர்த்து ஐஸ் போட்டு லாரியில் வரும் கட்லா, ரோகுவும் உண்டு, சுற்றுவட்டாரத்து ஏரி மீனும் உண்டு. கழிவுநீர் சேராமல் மழைநீரில் நிறைந்த ஏரி, பண்ணைக்குட்டையில் வளர்த்த மீன் கிடைத்தால் உங்களுக்கு அதுவே முதல் தேர்வு. அணை மீன்தான் கிடைக்கிறது என்றால் இந்த சில மாதங்களுக்கு அதை வாரம் ஒரு முறையாக வைத்துக்கொண்டு, இன்னொரு நாளை நெத்திலி, மத்தி போன்ற சிறிய கடல்மீனுக்கு விடலாம். அவற்றில் பாதரசம் குறைவு, நல்ல கொழுப்பு அதிகம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் என்ன பெயர் சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள். அதை வளர்க்கவே இந்தியாவில் தடை இருக்கிறது, கோழிக்கழிவும் மாட்டுக்கழிவும் போட்டுச் சாக்கடைக் குட்டையில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் வறுத்த மீனைப் பொறுத்தவரை என் கவலை எண்ணெய்தான். திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெயும் கண்ணைப் பறிக்கும் சிவப்புப் பொடியும் கர்ப்பிணிக்குத் தேவையில்லை. மீனை வாங்கி வந்து வீட்டிலேயே வறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, என் பார்வையில் இந்தப் பதிலிலேயே உடனே கவனிக்க வேண்டியது இதுதான். கொழுந்தனார் வலை வீசுகிறார் என்றீர்கள். வீச்சு வலையின் ஓரத்தில் கோத்திருக்கும் குண்டு காரீயம். பலர் அதை வீட்டு வாசலிலேயே உருக்கி வார்ப்பார்கள், பல்லால் கடித்து நூலில் இறுக்குவார்கள், நனைந்த வலையைத் திண்ணையில் காயப்போடுவார்கள். அந்தப் புகையும் தூசியும் திண்ணையில் விளையாடும் 3 வயதுப் பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் போகும். பல மாதம் மீன் தின்று சேரும் காரீயத்தைவிட ஒரு நாள் உருக்கும் புகை அதிகம் கொடுத்துவிடக்கூடும். வீட்டருகே உருக்கவே வேண்டாம், கடையில் வார்த்த குண்டை வாங்கச் சொல்லுங்கள், அல்லது இரும்புக் குண்டுக்கு மாறச் சொல்லுங்கள். வலையைப் பையன் எட்டாத இடத்தில் வையுங்கள். வலையைத் தொட்டவர் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் பிள்ளையைத் தூக்க வேண்டாம். இதோடு பழைய பெயின்ட் உரியும் சுவர், பழைய பேட்டரி உடைக்கும் இடம், பில் இல்லாமல் வாங்கும் பற்பம் செந்தூரம் ஆகியவையும் காரீயம், பாதரசம் வரும் வழிகள்.

உடம்பில் இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்திருந்தால் குடல் காரீயத்தையும் காட்மியத்தையும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இந்த விஷயத்திலும் உங்களுக்குக் காவல். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், கால்சியம் இரும்பைத் தடுக்கும். ஒன்று காலை, ஒன்று இரவு என்று டாக்டர் சொன்னபடி பிரித்துப் போடுங்கள். பையனுக்குப் பால், கேழ்வரகு, முட்டை, முருங்கைக் கீரை. நம் ஊரில் கேழ்வரகுக்கு என்ன குறை!

பக்கத்து ஊர்க் குழந்தைகளின் பல்லில் மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டு, அது ஆற்று மீனால்தானா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இல்லை. அது ஃபுளோரைடு. நம் மாவட்டங்களின் பாறையில் இருந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் இயற்கையாகக் கரைவது, கன உலோகமே அல்ல. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரையே பயன்படுத்துங்கள், போர் தண்ணீரை வேண்டாம்.

செய்திகளில் வரும் எண்களைப் படிக்கும்போது ஒன்றைப் பாருங்கள். ஆய்வுகளில் மீனை உலர்த்தி எடை போட்டு அளப்பது உண்டு. மீனில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே உலர் எடைக்குச் சொன்ன எண், நாம் வாங்கும் பச்சை மீனுக்கு நாலைந்து மடங்கு கூடுதலாகத் தெரியும். சட்ட வரம்போ பச்சை மீனுக்கு உரியது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, வரம்பைவிட 4 மடங்கு என்று எழுதிவிடுகிறார்கள். ஈரலில் அளந்ததைச் சதையில் அளந்ததுபோலச் சொல்வதும் நடக்கிறது. இதனால் மீனவர்களின் பிழைப்பு ஒரே நாளில் விழுந்துபோகிறது, உண்மையில் கவனிக்க வேண்டிய இடத்தை யாரும் கவனிப்பதில்லை. நம் ஆறுகளில் தண்ணீரைத்தான் அடிக்கடி எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். மக்கள் தின்பது மீனை. ஒவ்வொரு அணையிலும் கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை, வகைக்குச் சில மீன்களின் சதையைச் சோதித்து முடிவை அணைக்கட்டிலேயே எழுதி வைத்தால் உங்களைப்போல யாரும் இப்படிப் பயந்து கேட்க வேண்டியிருக்காது. கிராமசபையிலும் மீனவர் சங்கத்திலும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

கடைசியாக, பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்றீர்கள். மீன் தின்றதற்காக மட்டும் அவசரமாக எதுவும் தேவையில்லை. ஆனால் வீட்டில் காரீயம் உருக்கும் பழக்கம் இருந்திருந்தால் உங்களுக்கும் பையனுக்கும் ரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் சோதனையைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள். ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கும் சூரணம், பானம் என்று விற்பதை எதையும் வாங்கிக் குடிக்காதீர்கள், கர்ப்ப காலத்தில் அது கூடவே கூடாது. மீனையே சோதிக்க விரும்பினால் அங்கீகாரம் பெற்ற உணவுப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். ஒரே ஒரு மீன் போதாது. ஒரே வகையில் 5, 6 மீன் எடுத்து, தோல் முள் நீக்கிய சதையைப் பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். பாதரசம், காரீயம், காட்மியம் இந்த மூன்றை மட்டும் கேளுங்கள், பட்டியல் நீளமானால் செலவுதான் கூடும். அறிக்கையில் பச்சை எடையா உலர் எடையா என்று எழுதச் சொல்லுங்கள். எண்கள் வந்ததும் இங்கே போடுங்கள், உங்கள் எடைக்கும் பையன் எடைக்கும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.